ஈடு இல்லாத ஈடுபாடு

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் எங்கள் துறை அறைக்கு ஒரு கட்டுக் காகிதம் வந்தது. நாக் குழு வரப்போகிறது, எல்லோரும் நிரப்பிக் கொடுக்கணும் என்றார் அலுவலக உதவியாளர். பணியாளர் ஈடுபாடு பற்றிய படிவம். இந்த நிறுவனத்தின் ஓர் அங்கமாக நான் உணர்கிறேனா, என் வேலைநேரம் குடும்பத் தேவைக்கு ஏற்ப நெகிழ்வாக இருக்கிறதா, என் கருத்துக்கு இங்கே மதிப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் நிரந்தரப் பேராசிரியர்கள் இரண்டு பேர். இந்தப் பக்கம் கௌரவ விரிவுரையாளர்கள் நாங்கள் நான்கு பேர். அன்று காலையில்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்: மே மாதம் சம்பளம் இல்லை, ஜூனில் கூப்பிட்டால் வாங்க.

நான் எல்லாக் கேள்விக்கும் 5 போட்டேன். பக்கத்தில் இருந்தவரும் 5 போட்டார். நாலு பேருமே 5 போட்டிருந்தோம் என்று பிறகு டீக்கடையில் தெரிந்தது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. எம்.ஏ. தமிழும் செட் தேர்வும் முடித்து, இந்த வட்டாரத்தில் மூன்று கல்லூரிகளில் ஒன்பது வருஷம் இப்படி வேலை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் இதே கதைதான். ஜூனில் கூப்பிட மாட்டார்களோ என்ற பயத்தில் 5 போட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று யோசித்துப் பார்த்ததில் எழுதியது இது.

நெகிழ்வான வேலைநேரம் என்ற சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. சின்னசேலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அவர்தான் வெட்டியான். அவருக்கு வேலைநேரம் என்று ஒன்று கிடையாது. ஊர்த்தெருவில் யாராவது செத்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து நாலு ஊருக்குக் கேதம் சொல்லப் போவார். மடை திறக்கக் கூப்பிடுவார்கள். செத்த மாட்டை இழுத்துப்போடக் கூப்பிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அவருடையது. ஆனால் ஊரைவிட்டு நகரக் கூடாது. 'சும்மாதானடா இருக்கற' என்பதுதான் அவர் காதில் அதிகம் விழுந்த பேச்சு. கூலி, களத்துமேட்டில் அள்ளிப்போடும் நெல். எவ்வளவு என்பது போடுகிற கையைப் பொறுத்தது. நேரமும் நெகிழ்வு, கூலியும் நெகிழ்வு.

அதே ஊரில் கர்ணமும் மணியக்காரரும் இருந்தார்கள். அவர்களுக்கும் பகுதிநேர வேலைதான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்த சட்டத்தின் தலைப்பிலேயே 'பகுதிநேரக் கிராம அலுவலர்' என்றுதான் இருக்கும். பரம்பரையாக வந்த பகுதிநேர வேலையை வைத்துக்கொண்டு முழுநேரமும் ஊரை ஆண்டார்கள். எங்க தாத்தாவின் வேலையிலும் நேரக்கணக்கு இல்லை, கர்ணத்தின் வேலையிலும் நேரக்கணக்கு இல்லை. ஒருவருக்கு அது அதிகாரம், இன்னொருவருக்கு அடிமைத்தனம். கயிறு தளர்வாக இருப்பதில் ஒன்றுமில்லை. அதன் நுனி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது 2024 ஜூன்தான் நினைவுக்கு வருகிறது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலை அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கரியாலூர், வெள்ளிமலை என்று பஸ் ஏறிப் போகிற அந்த மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்துத்தான் அரசு அதைக் கையில் எடுத்தது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தாருக்கு உழைத்துக் கொடுத்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவதை ஊழியம் என்று சொன்ன மொழி நம்முடையது. அந்தச் சொல்லிலிருந்துதான் இன்றைக்கு 'அரசு ஊழியர்' என்று சொல்லிக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது? நேரத்துக்கு ஒரு வரம்பு வந்தது. கூலிக்கு ஒரு கணக்கு வந்தது. விலக்குவதென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வந்தது.

நேரத்துக்கு வரம்பு கட்டுவது உழைக்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாபாசாகேப் அம்பேத்கருக்குத் தெரிந்திருந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அவர். 1946இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 54 மணி என்றிருந்ததை 48 மணியாகக் குறைத்தது. சங்கு ஊதினால் வேலை முடிந்தது, அதற்குமேல் என் நேரம் என்று ஒரு பறையனும் சக்கிலியனும் சொல்ல முடிந்த முதல் இடம் ஆலைதான், வயல்காடு அல்ல. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து வரம்பெல்லாம் பழைய காலம், நெகிழ்வுதான் புதிய காலம் என்று சொன்னால் சந்தேகம் வராதா?

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நெகிழ்வு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் துறையில் ஒரு நிரந்தரப் பேராசிரியர், கைக்குழந்தைக்காரி. முதல் பாட வேளையை அவருக்குப் போடாமல் அட்டவணை தயாரித்தார்கள். நல்ல காரியம். அந்த முதல் வேளை என் தலையில் விழுந்தது என்பது வேறு கதை. 2018ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி. மீதி நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கை உண்டு. எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை என்று எழுத நினைத்தேன். இருந்தது. 2017இல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தி 26 வார விடுப்பு கொடுத்தார்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் அதற்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி வைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு உதவி முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்திக்கு ஜூன் மாதம் ஏழாவது மாசம். கூப்பிடவில்லை. நீக்கியதாக ஒரு காகிதம் இருந்தால்தானே வழக்குப் போட முடியும்? அவளை யாரும் நீக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

2020இல் கல்லூரிகள் மூடியபோது எல்லோருக்கும் நெகிழ்வு வந்தது என்றார்கள். நிரந்தரமானவர்கள் வீட்டிலிருந்து செல்போனில் பாடம் நடத்தினார்கள், சம்பளம் வந்தது. நாங்களும் நடத்தினோம், நடத்திய மணிக்குக் கணக்குக் கேட்டார்கள். மலைப்பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறினார்கள். கழிவறை கழுவுகிற அம்மா மட்டும் மூடிய கல்லூரிக்கும் வந்துகொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கல்லூரி இல்லை, ஏஜென்சி. படிவம் அவரிடம் கொடுக்கப்படவே இல்லை. அவர் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டுமா?

எங்களுடைய பதவிப் பெயரில் ஒரு 'கௌரவ' இருக்கிறது. கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. தொகுப்பூதியம், மதிப்பூதியம். சம்பளம் என்ற சொல்லைச் சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும் என்று பிரித்துச் சொல்வார்கள். எங்க தாத்தாவுக்காவது நெல் இருந்தது. எங்களுக்கு மதிப்பு. சாதி மீறிக் கல்யாணம் செய்தவர்களைக் கொல்வதை 'கௌரவக் கொலை' என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. இதில் என்ன கௌரவம், ஆணவம் என்று சொல் என்று இயக்கங்கள் சண்டை போட்டுத்தான் அந்தச் சொல்லை மாற்றின. கொலைக்கு ஒட்டியிருந்த கௌரவத்தைப் பிய்த்து எடுத்த நாம் கூலிக்கு ஒட்டியிருப்பதை இன்னும் தொடவில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசுக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை பார்க்கிறார்கள். 15,000 ரூபாய் 20,000 ஆகி 25,000 ஆயிற்று, அதுவும் 11 மாதத்துக்கு. மானியக் குழு 2019 ஜனவரியில் சொன்னது வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை. அதே குழுவின் 2018 விதியில், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அவர்களுக்கு நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த வரைவில் அந்த 10 விழுக்காட்டு வரம்பைக் காணோம். நிரந்தர நியமனம் எப்படி என்றால், 2013இல் 1,093 இடங்களுக்கு அறிவிக்கை. 2019இல் 2,331 இடங்களுக்கு அறிவித்து, திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் 4,000. ஒரு அறிவிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஆளின் இளமை முடிந்துவிடுகிறது.

2025 ஆகஸ்டில் குஜராத் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் உச்சநீதிமன்றம், மாதம் 30,000 ரூபாயில் இவர்களை இத்தனை வருஷம் வைத்திருப்பது என்ன நியாயம் என்று கேட்டு, ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைக் கொடுக்கச் சொன்னது. மேடையில் குருவைப் புகழும் சுலோகம் சொன்னால் மட்டும் போதாது என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் குரு என்றதும் எனக்கு வேறொருவன் நினைவுக்கு வருகிறான். சொல்லியே தராத வாத்தியாருக்கு ஏகலைவன் கட்டைவிரலைக் காணிக்கை கொடுத்தான். சொல்லித் தருகிறவர்களுக்கு மே மாதம் காசில்லை. அந்தப் பாரதத்தையும் நாங்கள்தான் செய்யுள் வகுப்பில் நடத்துகிறோம்.

ஈடுபாட்டுக்கு வருகிறேன். ஈடு என்றால் அடகுப் பொருள். ஈடு என்றால் இணை, சமம். இழப்புக்குப் பதிலாகக் கொடுப்பதும் ஈடுதான். தன்னை ஒன்றில் அடகு வைப்பதுபோல் வைத்துவிடுவது ஈடுபாடு. அடகு என்றால் இரண்டு பக்கம் உண்டு. நகையை வைக்கிறவனுக்குக் காசும் சீட்டும் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் பக்தி. திருவாய்மொழிக்கு எழுதிய பெரிய உரைக்கு 'ஈடு' என்றே பெயர் வைத்தார்கள் வைணவர்கள். நிர்வாகவியல் படித்தவர்கள் இன்றைக்கு எங்களிடம் கேட்பது தொழிலாளியின் உழைப்பை இல்லை, பக்தனின் உள்ளத்தை.

பக்திக்கும் விடுப்புக்கும் உள்ள சங்கதி நந்தன் கதையில் இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தன் 'நாளைப் போவேன்' என்று தள்ளிப்போடுவதற்குக் காரணம் அவன் குலம். தில்லைக்குள் போக முடியாது என்று அவனே தயங்குகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாக எழுதியபோது ஒரு பார்ப்பனப் பண்ணையாரை உள்ளே கொண்டுவந்தார். 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். நந்தனுக்குத் தேவைப்பட்டது ஒருநாள் லீவு. தெய்வமே வந்து வயல்வேலை செய்து கொடுத்தால்தான் லீவு கிடைக்கும் என்று கதை சொல்கிறது. அதற்குப் பிறகும் நெருப்பு. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நான் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிற நினைப்பில்தான் நடத்துவேன்.

வேலையில் ஈடுபாடு என்ற ஆய்வுத்துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் வில்லியம் கான் என்ற அமெரிக்கர். 1990இல் கோடைமுகாம் பணியாளர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தையும் கவனித்து எழுதினார். ஒருவர் வேலைக்குள் தன்னை எவ்வளவு கொண்டுவருகிறார் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும், தன்னைக் காட்டிக்கொண்டால் ஆபத்தில்லை என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும், கொடுப்பதற்கு உடம்பிலும் மனசிலும் மிச்சம் இருக்க வேண்டும் என்றார். நல்ல கேள்விதான். எங்கள் ஊர்க் கல்லூரி ஆசிரியர் அறையில் வைத்துப் பார்த்தால் அது வேறு மாதிரி கேட்கிறது. சேர்ந்த முதல் வாரம் 'எந்த ஊரு மேடம்?' என்பார்கள். ஊர் பெயர் சொன்னால் 'அங்க எந்தப் பக்கம்? ஏரிக்கரைப் பக்கமா?' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று திங்கட்கிழமை கேட்பார்கள். கோழி என்பேன். ஒன்பது வருஷமாகக் கோழி என்றே சொல்லி வந்திருக்கிறேன். வீட்டில் வெந்தது மாட்டுக்கறி. என்னை வேலைக்குள் முழுசாகக் கொண்டுவா என்கிறார்கள். நான் சாப்பாட்டு டப்பாவைக்கூட முழுசாகத் திறந்ததில்லை.

அம்பேத்கரும் ஒரு தற்காலிக ஆசிரியர்தான். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகச் சேர்ந்தார். மாதம் 450 ரூபாய். மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு நடத்தினார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். மாணவர்கள் பக்கத்தில் அவ்வளவு மதிப்பு, ஆசிரியர் அறையில் ஒரு குவளைத் தண்ணீருக்குத் தகராறு. 1920 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு, மிச்சம் பிடித்த காசோடு லண்டனுக்கு மறுபடி படிக்கப் போனார். அவரிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் என்ன எண் போட்டிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது அந்த மீதிப் பாதி உண்மை. மலையிலிருந்து வந்த ஒரு மாணவி. பழங்குடியினர் விடுதியில் தங்கிப் படித்தாள். வீட்டில் முன்பணம் வாங்கியிருந்ததால் மிளகு பறிக்கிற காலத்தில் அப்பா அம்மாவோடு குடகுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் வரவில்லை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போயிற்று. கன்டொனேஷன் கட்டணம் கட்டு என்றார்கள். கட்டுவதற்குப் பறித்த மிளகுக் கூலி போதவில்லை. அவளுக்காக யாரும் எதையும் நெகிழ்த்தவில்லை. திரும்பி வந்தவள் விட்டுப்போன பாடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டாள். சாயங்காலம் நாலரை மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், வெள்ளிமலை பஸ் நிற்கிற பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து ஒரு மாதம் நடத்தினேன். அவளோடு மலைப்பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மணிக்கணக்கில் எழுத முடியாத மணி அது. யாரும் கேட்கவும் இல்லை. என் ஒன்பது வருஷத்தில் நான் வாத்தியார் என்று உணர்ந்தது அந்தத் திண்டில்தான். 5 போடும்போது என் கை எழுதியது அந்த ஒரு மாதத்துக்குத்தான். கல்லூரி அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

இதில் எது சரி? வாக்குக் கொடுக்காதவனுக்கு உள்ளத்தைக் கொடுக்காதே என்பது என் அரசியல். கொடுத்த கூலிக்கு எவ்வளவோ அவ்வளவு வேலை என்று எங்கள் தோழர்கள் சிலர் உறுதியாக இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் குறைத்துக் கொடுத்தால் குறைவது யாருக்கு? நகரத்துத் தனியார் கல்லூரிப் பிள்ளைக்கு இல்லை. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது சேரியும் மலையும் கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளும்தான். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் பிரியம்தான் என் கழுத்தில் போட்ட கயிறு என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். எங்க தாத்தாவுக்கும் இது உண்டு. செத்தவனைப் போடாமல் எப்படிடா விடறது என்பார். அவர் பிணத்தின்மேல் வைத்திருந்த மரியாதையில்தான் ஊர் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. நான் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறைப்பதில்லை. நாக் கோப்பு எழுதுவது, விழாவுக்கு வரவேற்பு வாசகம் தயாரிப்பது, நிரந்தரமானவர் பெயரில் போகிற அறிக்கையை ராத்திரி தட்டச்சு செய்வது, இவற்றை நிறுத்திவிட்டேன். நிறுத்திய அடுத்த ஜூனில் போன் 20 நாள் தாமதமாக வந்தது.

இன்னொரு சிக்கலையும் சொல்லாமல் விட முடியாது. சங்கக் கூட்டத்தில் எல்லோரையும் நிரந்தரமாக்கு என்று தீர்மானம் போடுகிறோம். 18 விழுக்காடு தாழ்த்தப்பட்டோர், அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடிக்கு 1 என்று நிரந்தர நியமனத்தில் இனச்சுழற்சி உண்டு. மணிக்கணக்கில் துறைத்தலைவர் ஆள் பிடிக்கிற இடத்தில் அது எப்படி வழுக்கி விழும் என்று நான் வேலை பார்த்த இடங்களிலேயே பார்த்திருக்கிறேன். மத்திய அரசில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கிற தற்காலிக வேலைக்கும் இட ஒதுக்கீடு என்று பல பத்தாண்டுகளாக உத்தரவு இருந்தும், 2022இல் மறுபடி சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. கொல்லை வழியாக வந்தவர்களை நிரந்தரமாக்க உரிமை கோர முடியாது என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதைக் காட்டி அரசு நம்மை விரட்டுகிறது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததே அரசுதான். ஆனாலும் அந்தக் கதவு வழியாக யார் யார் நுழைந்தார்கள், வெளியே நிற்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வி தலித்தாகிய எனக்கு உண்டு. நிரந்தரம் கேட்கிற மனுவில், இனச்சுழற்சியைச் சரிபார்த்து, குறைந்த இடங்களை முதலில் நிரப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். 'மேடம், சாதியைக் கொண்டுவராதீங்க, ஒற்றுமை போயிடும்' என்றார் ஒருவர். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்து, 'உங்க ஊர் எந்தப் பக்கம்?' என்று கேட்டதும் அவரேதான்.

ஏரிக்கரைப் பக்கம், காலனி என்று சொன்னேன். அந்த வரி மனுவில் இன்னும் சேரவில்லை. அடுத்த கூட்டம் மே மாதம், கள்ளக்குறிச்சியில். மே மாதம் எங்கள் எல்லோருக்கும் நேரம் நிறையவே இருக்கும்.